பிளாக்பெர்ரி காப்ளர்: மேல்மாவின் அடிப்பக்கம் வேகவில்லை, சாறும் இறுகவில்லை

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து வந்து சியாட்டிலுக்குக் கிழக்கே குடியேறி ஓராண்டு ஆகிறது. எங்கள் தெருக்கோடியில், முன்பு ரயில் ஓடிய தடத்தை இப்போது நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். அதன் இருபுறமும் பிளாக்பெர்ரிப் புதர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து கொத்துக் கொத்தாகக் கறுத்து நிற்கின்றன. இம்மாதத் தொடக்கத்தில் எதிர்வீட்டு அம்மையார் இந்தக் காட்டுப்பழத்தில், பழத்தின் மேல் மாவு வைத்து ஓவனில் சுடும் காப்ளர் என்ற இனிப்பைச் செய்து, ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை. அதே பண்டத்தை என் கையால் செய்து, அதே பாத்திரத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் கெட்டுவிட்டது.

நான் செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன். ஆறு கப் பழத்துடன் முக்கால் கப் சர்க்கரையும், மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர் மாவும், கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து பாத்திரத்தில் பரப்பினேன். மேல்மாவுக்கு ஒன்றரை கப் மைதா, கால் கப் சர்க்கரை, ஆறு மேசைக்கரண்டி வெண்ணெய், முக்கால் கப் மோர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். பேக்கிங் பவுடர் வீட்டில் இல்லாததால் அதே இரண்டு தேக்கரண்டி அளவுக்கு ஆப்பசோடா போட்டேன். பிசைந்த மாவைப் பழத்தின் மேல் முழுவதும் மூடும்படி பரப்பி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் ஓவனில் வைத்தேன். மேலே நல்ல பொன்னிறம் வந்தது. ஆனால் வெட்டிப் பார்த்தபோது அடிப்பக்கம் பச்சை மாவாகப் பிசுபிசுத்தது; சாறு ரசம் போல ஓடியது; மாவும் பழமும் தொட்டுக்கொண்ட இடமெல்லாம் நீலமும் பச்சையுமாக மாறியிருந்தது. வாயில் வைத்தால் சோப்பு வாடை வீசியது. பழம் கெட்டுப்போனதா, அல்லது செய்முறையில் பிழையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மாமியார் முட்டை சேர்க்க மாட்டார் என்பதையும் கருத்தில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லமெட் அடுக்களை எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் பழத்தில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் எடுத்த அளவுகளும் ஏறக்குறையச் சரியானவையே. ஊர் மாறியதும் பொருள்களின் பெயர்கள் மாறிவிடுகின்றன. உங்கள் காப்ளரைக் கெடுத்தது பெரும்பாலும் அதுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் இதைச் செய்கிறேன் என்பதாலும், முதல் ஆண்டில் நானும் இதே இடத்தில் தவறினேன் என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சாறு. நம் ஊரில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் கடைக்காரர் வெள்ளை வெளேரென்று, விரலிடையே தேய்த்தால் நறநறவென்று சத்தமிடும் மாவைத் தருவார். அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாச்சத்து. அமெரிக்கக் கடைகளில் அதற்குக் கார்ன் ஸ்டார்ச் என்று பெயர். இங்கே கார்ன் ஃப்ளவர் என்று எழுதியிருப்பது முழு மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவு. பெரும்பாலும் இளமஞ்சளாக இருக்கும். அதில் மாச்சத்தோடு புரதமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருப்பதால், அதே மூன்று கரண்டி போட்டாலும் சாறு இறுகாது. உங்கள் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பாதிப் பிழை அங்கேயே இருக்கிறது. கார்ன் ஸ்டார்ச் வாங்கியபின் அதை முதலில் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, பிறகு பழத்தில் புரட்டுங்கள். நேரடியாகப் போட்டால் அங்கங்கே கட்டி விழும்.

அடுத்தது அந்த நீலப்பச்சை நிறம். பிளாக்பெர்ரிக்குக் கருஞ்சிவப்பைக் கொடுக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்பில் சிவக்கும். காரத்தில், அதாவது மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மையில், நீலமாகிப் பச்சைக்கும் போகும். சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிறதே, அதே வகை நிறமிதான். உங்கள் பாத்திரத்தில் அது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஆப்பசோடா காரம். பேக்கிங் பவுடரோ அந்தச் சோடாவுடன் அதைச் சமன்செய்யும் அமிலத்தையும் கலந்து செய்தது. ஒன்றுக்கு ஒன்று அதே அளவில் மாற்றக் கூடாது. இரண்டு தேக்கரண்டி சோடாவைச் சமன்செய்யும் அளவுக்கு உங்கள் மோரில் புளிப்பு இல்லாததால் மீந்த காரம் பழச்சாற்றில் இறங்கி நிறத்தை மாற்றியிருக்கிறது. சோப்பு வாடையும் அதனால் வந்ததே. உண்பதற்குத் தீங்கில்லை, ஆனால் ஒருவருக்குக் கொடுக்கும்படி இருக்காது.

மோரிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்கே பட்டர்மில்க் என்று விற்பது பாலை உறையவைத்துச் செய்த கெட்டியான, புளித்த திரவம். நாம் தயிரைக் கடைந்து நீர் ஊற்றிய மோர் அதற்கு ஈடாகாது, மாவு தளர்ந்துவிடும். வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்ய வேண்டுமென்றால் அரை கப் கெட்டித் தயிரில் கால் கப் பால் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுவே கடைப் பட்டர்மில்க்கைவிடப் பிடித்திருக்கிறது.

இனி வேகாத அடிப்பக்கம். உங்கள் கேள்வியில் மிகவும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். குளிர்ந்த பழத்தின் மேல் மாவைப் பரப்பினால், ஓவனின் சூடு மேலிருந்து மாவைச் சிவக்க வைக்கும். அடியில் உள்ள பழம் சூடேற நேரம் ஆவதால், மாவின் அடிப்பக்கம் அதுவரை ஈரத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். மேலே பொன்னிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடுகிறோம். ஆகவே முதலில் பழத்தை மட்டும் அதே 375 டிகிரியில், அதாவது 190 செல்சியஸில், இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். ஓரங்களில் சாறு கொதிக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து, சுடச்சுட இருக்கும் பழத்தின் மேல் மாவைக் கரண்டியால் அள்ளி, எலுமிச்சை அளவுக்குச் சற்றுப் பெரிய உருண்டைகளாக இடைவெளி விட்டு வையுங்கள். சூடான பழத்தின் ஆவி மாவின் அடியைப் பிடித்துக்கொண்டு வேகவைக்கும். இடைவெளிகளின் வழியே மிச்ச ஆவி வெளியேறும். மாவால் முழுவதும் மூடிவிட்டால் ஆவி உள்ளேயே தங்கிவிடும். இட்லித் தட்டின் துளைகளை அடைத்துவிட்டு இட்லி ஏன் சரியாக வேகவில்லை என்று கேட்பதற்கு ஒப்பானது அது.

மாவைக் கலப்பதிலும் கை அவசரப்படக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, மைதா, சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றோடு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே தெரிய வேண்டும். பழம் ஓவனிலிருந்து வரும் வேளையில்தான் தயிர்க் கலவையை ஊற்றிக் கிளற வேண்டும். சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்தால் இழுவை கூடி ரப்பராகிவிடும். உலர்ந்த மாவு மறைந்தால் போதும். இதில் முட்டைக்கு வேலையே இல்லை, ஆகவே உங்கள் மாமியார் தாராளமாக உண்ணலாம். கடையில் குழாய் வடிவ டப்பாக்களில் வரும் தயார் மாவை வாங்குவதாக இருந்தால் மட்டும் பொருள் பட்டியலைப் படித்துவிடுங்கள். சிலவற்றில் விலங்குக் கொழுப்பு இருக்கக்கூடும்.

மாவு வைத்தபின் மேலும் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் ஆகும். எடுக்கலாமா என்பதை நிறத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். பாத்திரத்தின் நடுவிலும் சாறு கொதிக்க வேண்டும். அந்தக் குமிழிகள் சட்சட்டென்று வெடிக்காமல், பாகு கொதிப்பதைப் போலக் கனமாக மெதுவாக எழுந்து அடங்க வேண்டும். மாச்சத்து கொதிநிலையை நெருங்கினால்தான் முழுமையாக இறுகும் என்பதால் இந்த அடையாளம் பொய்க்காது. வெப்பமானி இருந்தால் நடுவில் உள்ள உருண்டையில் குத்திப் பாருங்கள். 93 செல்சியஸ் காட்டினால் உள்ளே வெந்துவிட்டது என்று பொருள். பிறகு ஒரு மணி நேரம் அப்படியே ஆறவிடுங்கள். சூட்டில் தளர்வாகத் தெரியும் சாறு, ஆறும்போதுதான் கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வரும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் எல்லோரையும் தள்ளி நிற்கச் செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

காட்டுவழி எழுதியது:

மேலே சொன்ன சமையல் குறிப்போடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியில் இருந்த பழைய ரயில் தடம் என்ற சொற்கள் எனக்குக் கவலை தருகின்றன. தடத்தில் களை முளைக்காமல் இருக்க ரயில் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு ஆர்செனிக் கலந்த மருந்துகளைத் தெளித்தது உண்டு. தண்டவாள மரக்கட்டைகள் அழுகாமல் இருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பூசியதும் உண்டு. தண்டவாளத்தை அகற்றிய பிறகும் அவை மண்ணில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே தடத்தை ஒட்டிய புதர்களை விட்டுவிட்டு, பாதையிலிருந்து நன்றாக விலகி, வெயில் படும் சரிவுகளில் பறியுங்கள். வண்டிகள் ஓடும் சாலையோரமும் வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் புதர் வாஷிங்டன் மாநிலத்தின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் இதற்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். கோடையின் நடுவில் ஒரு புதர் மட்டும் இலை சுருண்டு பழுப்பேறி நின்றால் அதைத் தொடாதீர்கள். பூங்காவாக இருந்தால் பறிக்க அனுமதி உண்டா என்று நுழைவாயில் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்கும் ஆள் உயரப் புதருக்கு ஹிமாலயன் பிளாக்பெர்ரி என்று பெயர். ஆனால் அதற்கும் இமயமலைக்கும் தொடர்பில்லை. தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பேங்க், இந்தியாவிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு 1885 வாக்கில் கலிபோர்னியாவில் இதை வளர்த்து அந்தப் பெயரைச் சூட்டினார். இதன் உண்மையான தாயகம் ஆர்மீனியாவும் வட ஈரானும் சார்ந்த பகுதி; அறிவியல் பெயரிலும் ஆர்மீனியாவே இருக்கிறது. பறவைகள் விதையைப் பரப்ப, பசிபிக் கரை முழுவதையும் பிடித்துக்கொண்டது. இந்த மண்ணுக்கே உரிய பிளாக்பெர்ரி வேறொன்று. அது எழுந்து நிற்காது. மெல்லிய, சாம்பல் பூத்த கொடியாகத் தரையில் ஊர்ந்து, காட்டின் விளிம்பில், வெட்டிய மரங்களின் மேல் படரும். ஹிமாலயனில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், இலையின் அடி வெளுப்பு. இந்தக் கொடியில் மூன்று சிற்றிலைகள். ஜூலையிலேயே பழுத்துவிடும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஒரு கப் சேர்க்க அரை மணி நேரம் குனிந்து நிற்க வேண்டும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால், பூத்துக் குலுங்கிய சில கொடிகளில் ஒரு பழமும் வராது. ஆனால் அதன் மணத்துக்கு ஹிமாலயன் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்த ஆண்டு ஜூலையில் ஒரு கைப்பிடியாவது சேர்த்து, அதை ஹிமாலயனோடு கலந்து காப்ளர் செய்து பாருங்கள்.

பறிக்கும்போது பளபளவென்று மின்னும் கறுப்பைக் கண்டு மயங்காதீர்கள். அது நிறம் வந்த பழம், சுவை வரவில்லை. மினுமினுப்பு அடங்கி, கரும்பலகையைப் போல மங்கலான கறுப்பாகி, விரல் பட்டதும் தானாகக் கையில் விழுவதே பழுத்தது. இழுத்தால்தான் வரும் என்றால் இரண்டு நாள் விடுங்கள். பறித்த பழத்தின் நடுவே வெள்ளைத் தண்டு ஒட்டியிருந்தால் பிளாக்பெர்ரி; தண்டு செடியிலேயே நின்று, பழம் குல்லாய் போலக் குழிவாக வந்தால் ராஸ்பெர்ரி வகை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பாதையோர முட்செடிகளில் மஞ்சளாகப் பழுப்பதும் பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் அடங்கிய இதே ரூபஸ் பேரினத்தின் குல்லாய்ப் பழமே. செந்நிறத்தில் தனித்தனி மணிகளாக, வழவழப்பான தோலோடு ஒரே காம்பில் நிற்கும் காட்டுப் பழங்களை மட்டும் அறியாமல் பறிக்காதீர்கள்; பேன்பெர்ரி போன்ற நச்சுப் பழங்கள் இந்தக் காடுகளில் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் நான்கு கப் தண்ணீருக்குக் கால் கப் உப்பு கரைத்து, பழத்தைக் கால் மணி நேரம் அதில் போட்டுவையுங்கள். 2008இல் கலிபோர்னியாவில் தென்பட்டு, அடுத்த ஆண்டே ஒரிகானுக்கும் வாஷிங்டனுக்கும் பரவிய ஒரு பழ ஈ, பழுக்கும் பழத்தையே கீறி முட்டையிடுகிறது. அதன் வெண்ணிறப் புழுக்கள் நூல் துண்டு அளவுக்கு இருக்கும். உப்பு நீரில் வெளியே வந்துவிடும். உண்டாலும் கெடுதல் இல்லை என்பார்கள். சைவ வீட்டில் அந்தப் பதில் செல்லாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். ஈரத்தோடு பாத்திரத்தில் போட்டால் சாறு மறுபடியும் ரசமாகிவிடும்.

ஜார்ஜியாவாசி எழுதியது:

வணக்கம். தெற்கு மாநிலங்களில் காப்ளர் என்றால் வேறொரு முறையும் உண்டு என்பதைச் சொல்லலாம் என்று வந்தேன். இங்கே மாவைப் பிசைவதே இல்லை. பாத்திரத்தில் அரை கப் வெண்ணெயைப் போட்டு, ஓவன் சூடாகும்போதே உருகவிடுவார்கள். ஒரு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு ஆகியவற்றைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, உருகிய வெண்ணெயின் நடுவில் ஊற்றி, அதன் மேல் இரண்டு மூன்று கப் பழத்தைத் தூவி, கரண்டியே போடாமல் 350 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைப்பார்கள். மாவு பழத்தைச் சூழ்ந்து மேலே எழும்பி வரும். ஓரங்கள் நெய்யில் வறுத்ததைப் போல மொறுமொறுக்கும். இதிலும் முட்டை இல்லை. முதன்முறை செய்பவர்களுக்கு இது எளிது என்று நினைக்கிறேன்.

இங்கே காட்டு பிளாக்பெர்ரி ஜூன் மாதத்திலேயே பழுத்துவிடும். அது பூக்கும் நாள்களில் திடீரென்று திரும்பி வரும் குளிரைப் பிளாக்பெர்ரிக் குளிர்காலம் என்றே பெரியவர்கள் அழைக்கிறார்கள். எங்கள் புதர்களில் சிகர் என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி கடிப்பதால், வெயிலாக இருந்தாலும் முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் இல்லாமல் நாங்கள் போவதில்லை.

வில்லமெட் அடுக்களை எழுதியது:

ஜார்ஜியா முறை சுவையானது. பீச் பழத்துக்கு அதையே நானும் செய்வேன். சர்க்கரை அதிகம் என்பதும், காட்டுப்பழத்தின் புளிப்பு அதில் அடங்கிவிடுகிறது என்பதும் என் மனக்குறை. எனினும் இந்தக் கேள்விக்கு விடை வைகைக்கரையிடமே இருக்கிறது. அந்த அம்மையார் கொண்டுவந்த காப்ளரில் மாவு உருண்டை உருண்டையாகப் பழத்தின் மேல் உட்கார்ந்திருந்ததா, அல்லது கேக்கைப் போலப் பழத்தைச் சூழ்ந்திருந்ததா? அவர் பாத்திரத்தில் அவருடைய காப்ளரைப் போன்றதையே வைத்துக் கொடுப்பது அழகாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

உருண்டை உருண்டையாகத்தான் இருந்தது. இப்போதுதான் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன், மஞ்சள் மாவுதான். இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய தடத்துப் பழத்தைப் பற்றிச் சொன்னவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் என் மகள் அங்கேயே பறித்துப் பறித்து வாயில் போட்டுக்கொள்வாள். இனி அங்கே போக மாட்டோம். சனிக்கிழமை செய்துவிட்டு எழுதுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

செய்துவிட்டேன். ஏரிக்கரைச் சரிவில் மங்கலான கறுப்புப் பழங்களாகப் பார்த்துப் பறித்தோம்; உப்பு நீரில் புழுக்கள் சில வெளிவந்தன, அலசியதும் ஒன்றும் இல்லை. பழத்தை ருசி பார்த்தபோது நன்றாக இனித்ததால் சர்க்கரையை அரை கப்பாகக் குறைத்து, எலுமிச்சைச் சாற்றை ஒரு மேசைக்கரண்டியாகக் கூட்டினேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஓரங்களில் சாறு கொதித்தது. அதன் மேல் மாவை வைத்தபோது சுர்ரென்று கேட்டது. இருபத்தெட்டாவது நிமிடத்தில் மேலே சிவந்துவிட்டது, ஆனால் நடுவில் குமிழி வரவில்லை. பழைய நானாக இருந்தால் எடுத்திருப்பேன். அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டு மேலும் எட்டு நிமிடம் வைத்தேன். நீங்கள் சொன்ன கனமான குமிழி நடுவில் வந்தது. ஆறியபின் ஒரு உருண்டையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் இட்லியைப் போல வெந்திருந்தது; கருஞ்சிவப்புக் கறை மட்டுமே இருந்தது, நீலம் எங்கும் இல்லை. மாமியார் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார்.

பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எதிர்வீட்டு அம்மையார் மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பாத்திரம் தன் தாயாருடையது என்றும், அதில் இன்னொருவர் செய்த காப்ளரை உண்பது பல ஆண்டுகளுக்குப் பின் இதுவே முதல் முறை என்றும் சொன்னார். என்னை உட்காரவைத்து, அவரே இரண்டு கிண்ணங்களில் வெனிலா ஐஸ்கிரீமுடன் பரிமாறினார். புளிப்பு அளவாக இருப்பதாகச் சொன்னார்.

பறித்ததில் இன்னும் எட்டு கப் மீதமிருக்கிறது. கிறிஸ்துமஸ் நாளில் அவருக்கு மீண்டும் செய்து கொடுக்க விரும்புகிறேன். எப்படிப் பாதுகாப்பது?

வில்லமெட் அடுக்களை எழுதியது:

படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஈரம் நன்றாகப் போன பழத்தை ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்து, கல்லாக உறைந்தபின் பைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். பையின் மேல் தேதியையும் எத்தனை கப் என்பதையும் எழுதிவையுங்கள். டிசம்பரில் எடுக்கும்போது உருகவிடாதீர்கள்; உறைந்த பழம் உருகினால் சாறு எல்லாம் வெளியே வந்துவிடும். உறைந்தபடியே சர்க்கரையையும் கார்ன் ஸ்டார்ச்சையும் புரட்டி, ஸ்டார்ச்சை மட்டும் ஒரு மேசைக்கரண்டி கூட்டி, மாவு வைப்பதற்கு முன் பழத்தை நாற்பது நிமிடம் வரை ஓவனில் விடுங்கள். ஓரம் கொதித்தபின் மாவு என்ற கணக்கு அப்போதும் அதேதான். அதற்குள் பழம் ஆறு கப்புக்கும் குறைந்துபோனால் கடையில் உறைந்த மரியன்பெர்ரி கிடைக்கும். 1956இல் இங்கே ஒரிகானில் வெளியிட்ட பிளாக்பெர்ரி வகை அது, காட்டுவழி நண்பர் சொன்ன, தரையில் ஊரும் அந்தக் கொடியின் வழித்தோன்றலும்கூட. தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.